யாழ்மொழியைப் பேச வைத்த மூவர்

கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். ஓடைப்புதூரில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் தம்பி மூன்று பேரும் அந்த ரகம் இல்லை. அதனால்தான் எனக்கு எழுத விஷயம் கிடைத்தது.

மூத்தவர் வைரவன், நடுவில் சொக்கன், கடைக்குட்டி தவசி. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது இவர்கள்தான். தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு தடவை கல்யாண வீட்டுக்காரர், "நாங்க சொல்ற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாதப்பா" என்று சொல்லிவிட்டு, தாலி கட்டி முடிந்ததும் மறுவீட்டுக்குப் போய்விட்டார். பந்தலைப் பிரித்தார்கள், வாழைமரத்தை ஆடு தின்றது, பாட்டு மட்டும் நிற்கவில்லை. நாலாம் நாள் அவர் திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் ஊர் தூங்கியது.

வைரவனுக்கும் தவசிக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், அரை மணி நேரம் பேசிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். சொக்கனுக்கு மட்டும் எப்படி அமைந்தது என்றால், பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அடக்கமான பையன் என்று நினைத்து மலர்க்கொடியைக் கொடுத்துவிட்டார்கள்.

சொக்கனுக்கும் மலர்க்கொடிக்கும் பிறந்த ஒரே பெண் யாழ்மொழி. பெயர் வைத்த முகூர்த்தமோ என்னவோ, மூன்று வயது நெருங்கியும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா" கூட இல்லை. பசித்தால் தட்டை எடுத்து வந்து வைப்பாள், தூக்கம் வந்தால் தலையணையை இழுத்து வருவாள். மற்றபடி பெரிய கண்ணை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டால் மலர்க்கொடிக்குக் கண் கலங்கிவிடும். ஐப்பசி மாதம் ஒரு காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனாள். கொழுந்தன், மூத்தார், புருஷன் மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். பிள்ளை மேல் அக்கறை இல்லாத வீடு என்று அந்த வீட்டை யாரும் சொல்லிவிட முடியாது. அக்கறை அங்கே வீடு முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளை நிற்கத்தான் இடம் இல்லை.

ஜெசிந்தா டீச்சர் குழந்தைக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டினார். யாழ்மொழி திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பந்தை எடுத்துட்டு வா கண்ணு" என்றார். எடுத்து வந்தாள்.

"காது நல்லாக் கேக்குது. சொன்னதும் புரியுது. பேச்சுத்தான் இன்னும் வரல. வீட்டுல பிள்ளைகிட்ட யாராவது பேசுவீங்களா?"

"இவங்க மூணு பேரும் ஆம்ப்ளிஃபையர்கிட்டதான் பேசுவாங்க டீச்சர்" என்றாள் மலர்க்கொடி.

"அதான் விஷயம். பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும். என்ன வேலை செஞ்சாலும் சொல்லிச் சொல்லிச் செய்யுங்க. பொங்கல் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு வார்த்தை வரலைன்னா டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரணும். தள்ளிப் போடாதீங்க."

ஆஸ்பத்திரி என்றதும் மலர்க்கொடி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தவசி திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில் டீச்சர் சொன்னதை எழுதிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் வைரவன் முறை போட்டார். காலையில் அவர், மத்தியானம் சொக்கன், சாயங்காலம் தவசி. மைக்கில் பேசிப் பழகிய வாய்கள் என்பதால் வேறு மாதிரி பேச அவர்களுக்கு வரவில்லை. மறுநாள் விடியும்போதே ஆரம்பித்தார் வைரவன்.

"அன்பார்ந்த யாழ்மொழி அவர்களே! உங்கள் பெரியப்பா இப்போது பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். வலது பக்கம் இனிதே நிறைவுற்றது. இன்னும் சற்று நேரத்தில் இடது பக்கம் தொடங்க இருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பற்பசை நுரை மூன்றடி தூரம் தெறித்தது. குழந்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. சாப்பிடும்போது பேசக் கூடாது என்று அவர்களை வளர்த்த அப்பா சொல்லியிருந்தார். செய்வதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"யார் சொன்னதைக் கேக்கறது?" என்றான் சொக்கன்.

"அப்பா செத்துட்டாரு. டீச்சர் உசுரோட இருக்காங்க" என்றான் தவசி.

"செத்தவர் வார்த்தையை மீறினா அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க முடியாதேடா" என்றார் வைரவன்.

வெகு நேரம் யோசித்தார்கள். கடைசியில் ஒருவர் சாப்பிட, இன்னொருவர் அதைச் சொல்வது என்று முடிவானது. "தவசி அவர்கள் இப்போது இரண்டாவது இட்லியைப் பிட்டிருக்கிறார். சட்னி போதாததால் மலர்க்கொடி அண்ணியை ஓரக்கண்ணால் பார்க்கிறார்" என்று சொக்கன் அறிவித்துக்கொண்டிருந்தான். தவசி குளிக்கப் போனபோதும் இந்த அறிவிப்பு நிற்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

இப்படியே இருபது நாள். மூச்சு விடுவதற்கு மட்டும் இடைவெளி. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாழ்மொழி, கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கையால் காட்டினாள். உதட்டைக் குவித்தாள். தொண்டையில் ஏதோ ஒன்று புறப்பட்டு வந்தது. மலர்க்கொடி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொக்கனும் பார்த்துவிட்டான். "பாருங்க பாருங்க, வாய் திறக்குது! கண்ணு, இதுதான் வாய்! வாய்க்குள்ள நாக்கு இருக்கு. நாக்காலதான் நாம பேசறது. மேல இருக்கறது பல்லு. மொத்தம் முப்பத்திரண்டு, உனக்கு இருபது..."

யாழ்மொழி வாயை மூடிக்கொண்டாள். காக்கையும் பறந்துவிட்டது. அன்றைக்கு மலர்க்கொடி சாப்பிடவில்லை.

மறுநாளே போய் டீச்சரைக் கூட்டி வந்துவிட்டாள். டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "செருப்பு கழற்றப்படுகிறது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டீச்சர் நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"நீங்களே பேசிக்கிட்டிருந்தா பிள்ளை எப்போ பேசும்? ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டுக் காத்திருங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும். அதுக்குப் பதிலா வேற யாரும் பதில் சொல்லிறக் கூடாது. அப்புறம், இப்படி நெட்டுக்குத்தலா நின்னுக்கிட்டுப் பேசாதீங்க. பிள்ளையோட உயரத்துக்கு இறங்கி, கண்ணைப் பாத்துப் பேசுங்க."

தவசி எழுதிக்கொண்டான். டீச்சர் தெரு முனை திரும்புவதற்குள் வைரவன் இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டார்.

"பாப்பா மூணடி. நான் அஞ்சே முக்கால். அப்போ எனக்கு ரெண்டே முக்கால் அடி பள்ளம். சொக்கனுக்கு ரெண்டரை. தவசிக்கு ரெண்டேகால் போதும்."

"கீழ உக்காந்து பேசினா ஆகாதா மாமா?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"இறங்கின்னாங்களே தவிர, உக்காந்துன்னு டீச்சர் சொல்லலம்மா. படிச்சவங்க காரணம் இல்லாம சொல்ல மாட்டாங்க. நம்ம இஷ்டத்துக்கு மாத்திட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

பிள்ளைக்கு ஒன்று என்று யாராவது சொன்னாலே மலர்க்கொடிக்குக் கை கால் ஓடாது. கடப்பாரை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நடுக்கூடத்து சிமெண்டுத் தரையை உடைத்து மூன்று பள்ளம் தோண்டினார்கள். பாதி தோண்டியபோது தவசிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணே, பிள்ளை வளர்ந்துருமே?"

கடப்பாரைகள் நின்றன. யாருமே இதை யோசித்திருக்கவில்லை.

"வளரட்டும்டா. மாசா மாசம் அளந்து பாத்து, அவ வளர்ந்த அளவுக்கு மண்ணைப் போட்டு மெத்திக்கிட்டே வருவோம். அவ கல்யாணத்துக்குள்ள தரை சமமாயிரும்" என்றார் வைரவன்.

இவ்வளவு தூரம் யோசிக்கிற அண்ணன் யாருக்குக் கிடைப்பார் என்று தம்பிகள் இருவரும் நெகிழ்ந்துபோனார்கள்.

மறுநாள் காலை மூவரும் அவரவர் பள்ளத்தில் இறங்கினார்கள். மூன்று தலைகளும் யாழ்மொழியின் தலையோடு சரிமட்டமாக நின்றன. வைரவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "கண்ணு, உனக்குப் பந்து வேணுமா, பலூன் வேணுமா?"

பிறகு காத்திருந்தார்கள். யாழ்மொழி நேராகப் போய்ப் பந்தை எடுத்தாள்.

"பந்து கேக்கறா!" என்றாள் மலர்க்கொடி.

"சொல்லலையே. எடுக்கத்தானே செஞ்சா. எடுக்கறது பதில் ஆகாது" என்றார் வைரவன். குழந்தை பந்தை உருட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதால் மூவரும் பள்ளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் திரும்பினார்கள். பதினோரு மணிக்குத் தவசிக்குத் தலை கிறுகிறுத்தது. குழந்தை விளையாடிக் களைத்து, சோறு தின்று, தூங்கிப்போனாள். மூடிய கண்ணைப் பார்ப்பது கணக்கில் வருமா என்று கொஞ்ச நேரம் விவாதித்தார்கள்.

அன்றைக்குப் பக்கத்து ஊரில் கும்பாபிஷேகம். மைக் செட் வரவில்லை என்று கோயில் கமிட்டி அங்குச்சாமி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். வீட்டுக்குள் பார்த்தவர், மூவரையும் இடுப்போடு பூமி விழுங்கிவிட்டதாக நினைத்து ஒரு நிமிஷம் சாமியைக் கூப்பிட்டார்.

"யோவ், ஐயர் கலசத்தைத் தூக்கிட்டு நிக்கிறாரு. என்னய்யா பண்றீங்க இங்க?"

"பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கோம். பதில் வந்ததும் கிளம்பிருவோம்" என்றார் வைரவன்.

"என்ன கேள்வி?"

"பந்தா, பலூனா?"

"பந்துன்னு வச்சுக்கிட்டு வாங்கய்யா!"

வைரவன் முகம் செத்துவிட்டது. "கெடுத்துட்டீங்களே! வேற யாரும் பதில் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. இனிமே முதல்லேருந்து கேக்கணும்" என்று சொல்லி, தூங்குகிற குழந்தையைப் பார்த்து மறுபடியும் கேட்டார்.

கும்பாபிஷேகம் மைக் இல்லாமல் நடந்தது. பல வருஷத்துக்குப் பிறகு மந்திரம் காதில் விழுந்ததாகக் கிழவர்கள் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மலர்க்கொடி மறுபடியும் ஓடிப் போய் டீச்சரைக் கூட்டி வந்தாள். டீச்சர் கூடத்தைப் பார்த்தார். மூன்று தலைகளையும் பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்தார்.

"மேல ஏறி வாங்க. பள்ளத்தை மூடுங்க. பேசவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம், பிள்ளையைச் சும்மா விடுங்க. ஏதாவது செஞ்சுதான் ஆகணும்னா, வீட்டுச் சாமான்ல எல்லாம் பேர் எழுதிச் சீட்டு ஒட்டி வைங்க. பின்னால படிக்கிறதுக்கு உதவும்."

காகிதத்தால் யாருக்கும் ஆபத்து வராது என்று அந்த அம்மாள் நம்பினார். பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளோடு மட்டுமே பழகியவர், பாவம்.

மூவரும் ஒரு அண்டா மைதாப் பசை காய்ச்சினார்கள். கதவில் "கதவு", குடத்தில் "குடம்", பசுவின் வயிற்றில் "பசு". கோழியைப் பிடித்து ஒட்டுவதற்கு அரை நாள் ஆனது. வைரவன் நெற்றியில் "பெரியப்பா", தவசி நெற்றியில் "சித்தப்பா", சொக்கன் நெஞ்சில் "அப்பா". பால்காரர் பாலை ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் அவர் முதுகில் "பால்காரர்" ஒட்டியாகிவிட்டது. அதோடுதான் அவர் மூன்று ஊருக்குப் பால் ஊற்றினார். பாப்பாவுக்கு எழுத்துத் தெரியாதே என்று மலர்க்கொடி மெதுவாகச் சொன்னாள். தெரிந்தால் எதற்கு ஒட்டப் போகிறோம் என்று சொக்கன் கேட்டான்.

எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தபோது தவசி ஆரம்பித்தான்.

"அண்ணே, சீட்டும் ஒரு சாமான்தானே?"

"ஆமா."

"அப்போ அதுக்கும் பேர் ஒட்டணுமில்ல?"

வைரவன் எழுந்து போய், "கதவு" என்ற சீட்டின் மேல் "சீட்டு" என்று எழுதிய ஒரு சீட்டை ஒட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இப்போ ஒட்டினீங்களே, அது?" என்றான் தவசி.

இரண்டு நோட்டுப் புத்தகமும், போன வருஷத்துக் காலண்டரும், கல்யாணப் பத்திரிகைக் கட்டும் தீர்ந்துபோயின. கதவில் சீட்டு ஒரு சாண் கனத்துக்கு வளர்ந்து, கதவைச் சாத்த முடியாமல் போனது. காகிதம் தீர்ந்ததால்தான் அந்த விவாதம் முடிந்ததே தவிர, விஷயம் தீர்ந்தபாடில்லை என்று தவசி இன்றைக்கும் சொல்கிறான்.

மார்கழிப் பனியில் மைதாப் பசை நெகிழ ஆரம்பித்தது. ஒரு காலையில் கூடத்தில் இரண்டு சீட்டுகள் கீழே கிடந்தன. தவசி பொறுப்பான பையன், உடனே எடுத்து, காலியாகத் தெரிந்த இடத்தில் ஒட்டிவிட்டான். சொக்கன் தூங்கி எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பார்த்தால், கூடத்து மரத்தூணில் "அப்பா" என்று இருந்தது. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "தூண்" என்று இருந்தது.

"அண்ணே!" என்று அலறினான்.

வைரவன் வந்து இரண்டு சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. பிழை ஒண்ணும் இல்லை."

"அப்போ நான்?"

"தூண்."

"பிள்ளைக்கு அப்பா?"

வைரவன் தூணைக் காட்டினார். "நமக்குத் தெரிஞ்சதை வச்சுக்கிட்டு எழுதினதை மாத்த முடியாதுடா. பிள்ளை குழம்பிரும்."

சொக்கன் வாக்குவாதம் செய்யவில்லை. நெட்டுக்குத்தலாக நின்றான். இரண்டு கையையும் தூக்கி உத்தரத்தைப் பிடித்துக்கொண்டான். தான் நகர்ந்தால் கூரை குழந்தை தலையில் விழுந்துவிடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. முட்டாள்தான், ஆனால் அந்தப் பயம் பொய் இல்லை. யார் கூப்பிட்டும் அவன் நகரவே இல்லை.

யாழ்மொழி தினமும் காலையில் அப்பா தோளில் ஏறித் தெருக்கோடி வரை போய் வருவாள். அன்றைக்கும் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "நான் தூண் கண்ணு. அப்பா அங்க நிக்கிறாரு பாரு" என்றான் சொக்கன். வைரவன் குழந்தையைத் தூக்கிப் போய்த் தூண் பக்கத்தில் நிறுத்தினார். "அப்பாவுக்கு முத்தம் குடும்மா."

யாழ்மொழி தூணைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அழுதுகொண்டே ஓடி வந்து சொக்கனின் காலைக் கட்டிக்கொண்டாள். மறுபடி தூக்கிப் போய் விட்டார்கள். மறுபடி ஓடி வந்தாள். இப்படி ஐந்து தடவை நடந்தது. பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லையே என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் வருந்தினார்கள்.

ஆறாவது தடவை யாழ்மொழி அழவில்லை. ஸ்டூலை இழுத்து வந்து போட்டாள். ஏறினாள். அப்பாவின் நெஞ்சில் இருந்த சீட்டைப் பிடித்து, மூன்று முடியோடு சேர்த்துப் பிய்த்து எறிந்தாள். அவன் முகத்தில் படீரென்று ஒரு அறை வைத்தாள்.

"அப்பா!" என்றாள்.

அடுப்படியில் மலர்க்கொடியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

யாழ்மொழி தூணைக் காட்டினாள். "இது தூண்." பெரியப்பா பக்கம் திரும்பினாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த கோபமெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. "நீ மக்கு."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுடைய அம்மா கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் தனக்குள்ளே முணுமுணுத்து வந்தது அது. பிள்ளைகளுக்கு எது ஏறும், எது ஏறாது என்று யார் சொல்ல முடியும்?

வைரவன் தவசியிடம் திரும்பினார். "மக்குன்னு ஒரு சீட்டு நாம எழுதலையேடா?"

"விட்டுப்போச்சுண்ணே. எழுதறேன். எங்க ஒட்டணும் பாப்பா?"

யாழ்மொழி விரலை நீட்டினாள். காட்டிய இடத்தில் ஒட்டினார்கள். சொக்கன் உத்தரத்திலிருந்து கையை எடுத்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதான். கூரை விழவில்லை. மலர்க்கொடி அழுதாள், சிரித்தாள், மகள் வாயில் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள்.

அதன் பிறகு யாழ்மொழி நிறுத்தவே இல்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். போகிக்கு முந்தைய நாள் மூன்று பேரும் கூடி உட்கார்ந்து, தவசியின் நோட்டீஸை எடுத்துப் படித்தார்கள்.

"பொங்கலுக்குள் ஒரு வார்த்தை வராவிட்டால் பெரியாஸ்பத்திரி" என்று அதில் இருந்தது.

"ஒரு வார்த்தை வந்துச்சா?" என்று கேட்டார் வைரவன்.

"இருநூத்துச் சொச்சம் வந்திருக்குண்ணே" என்றான் சொக்கன்.

"அதைக் கேக்கல. ஒண்ணு வந்துச்சா?"

"ஒண்ணோட நிக்கலையே."

"அப்போ வரலைன்னுதானேடா அர்த்தம்?"

சொக்கன் முகம் வெளுத்துவிட்டது. மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைதான் பேசுகிறாளே, எதற்கு ஆஸ்பத்திரி என்று சண்டை போட்டாள். "பஸ்ல போலாம்மா, பஸ்ல போலாம்மா" என்று யாழ்மொழி குதித்தாள். மகள் வாய்விட்டு ஒன்று கேட்டு இல்லை என்று சொல்லும் தெம்பு மலர்க்கொடிக்கு இன்னும் வரவில்லை. கிளம்பிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் நல்ல கூட்டம். மலர்க்கொடி சீட்டுப் பதிவு வரிசையில் நின்றாள். மற்றவர்களை நர்ஸ் டாக்டர் அறைக்குள் தள்ளிவிட்டார். அறைச் சுவரில் "அமைதி காக்கவும்" என்று ஒரு பலகை இருந்தது. மூவரும் அதைப் படித்தார்கள். வாயை மூடிக்கொண்டார்கள்.

"யாருக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார் டாக்டர்.

வைரவன் பலகையைக் காட்டினார். சொக்கனும் காட்டினான். தவசி இரண்டு கையாலும் காட்டினான்.

டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, இவங்க பேச மாட்டாங்களா?" என்று குழந்தையிடம் கேட்டார்.

"மாட்டேங்கறாங்க" என்றாள் யாழ்மொழி.

"எப்பவும் இப்படித்தானா?"

யாழ்மொழி மூவரையும் நன்றாகப் பார்த்தாள். "எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வரிசையா நில்லுங்க. ஆ சொல்லுங்க."

மூவரும் பலகையைப் பார்த்தார்கள், டாக்டரைப் பார்த்தார்கள். பலகைக்கு டார்ச் இல்லை. "ஆ" என்றார்கள். டாக்டர் மூன்று தொண்டைக்குள்ளும் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதி யாழ்மொழி கையில் கொடுத்தார். "வீட்டுல இவங்ககிட்ட நிறையப் பேசணும் கண்ணு. அவசரப்படுத்தக் கூடாது. மெதுவா வந்துரும்" என்றார். அதற்குள் நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். "ஆ" போதும் என்று சொல்ல டாக்டருக்கு நேரம் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் வரிசையாக "ஆ" என்று உட்கார்ந்திருந்தார்கள். மலர்க்கொடி அவர்களுக்கு முன் சீட்டில், ஜன்னல் ஓரத்தில் மகளோடு இருந்தாள். மகள் மரம், மாடு, பாலம் என்று பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல அவளுக்கு இருந்தது. இனி இந்த உலகத்தில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தாள்.

பக்கத்து சீட்டுப் பையனுக்குக் கண்டக்டர், "ஒரு அரை டிக்கெட்டு" என்று சொல்லிக் கிழித்தார். "அது என்ன அரை டிக்கெட்டு?" என்று யாழ்மொழி அவரைக் கேட்டாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பாப்பா. உன் அளவு இருந்தா அதுவும் வேண்டாம்" என்றார் கண்டக்டர். மலர்க்கொடிக்கு ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டுப் பின் சீட்டுக்கு வந்தார். "எங்க இறங்கணும்?"

"ஆ" என்றார் வைரவன்.

"எந்த ஊருங்க?"

"ஆ" என்றார்கள் மூவரும்.

"ஓடைப்புதூர்" என்றாள் யாழ்மொழி.

"இவங்க மூணு பேருக்கும் முழு டிக்கெட் போட்டுரவா பாப்பா?"

யாழ்மொழி திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அரை டிக்கெட் போதும்" என்றாள்.

கண்டக்டரும் மூன்று வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு மறுபேச்சுப் பேசாமல் மூன்று அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.